பாய்லர் பார்க்க வந்தவள்

காம்பியா தொட்டியா என்ற சண்டை சைக்ஸ் வீட்டில் ஆறு வாரமாக நடந்துகொண்டிருந்தது.

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் மலைச்சரிவில் ஏறிப்போகும் கல்வீட்டு வரிசையில் அவர்களுடையது பதினேழாம் எண். ஏப்ரலில் வாங்கினார்கள். வாங்கும்போதே பாய்லர் கிழடு என்று தெரியும். கூடத்துக் கேஸ் கணப்புக்குப் பின்னால், புகைபோக்கியின் அடியில் பதுங்கிக்கொண்டு முப்பத்தைந்து வருடமாக வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தது அது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக எதை வைப்பது என்பதில்தான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒத்துப்போகவில்லை.

டேமனுக்குக் காம்பி வேண்டும். சுவரில் மாட்டுகிற சின்னப் பெட்டி. குழாயைத் திறந்தால் அந்த நேரத்துக்கு நீரைச் சூடாக்கித் தந்துவிடும். வெந்நீரைச் சேர்த்துவைக்கும் தொட்டி தேவையில்லை. தொட்டி போனால் மாடியில் அது நிற்கும் அலமாரி காலியாகும். அங்கே ஒரு மேஜை போட்டுக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. ரொவீனாவுக்குத் தொட்டிதான் வேண்டும். பதினைந்து வயதில் இரட்டைப் பெண்கள். காலையில் ஏழரை மணிக்கு இரண்டு பேருக்கும் குளிக்கவேண்டும். பரணில் இரண்டாவது குளியலறை கட்டுவதே அதற்காகத்தான். காம்பி ஒரு சமயத்தில் ஒரு ஷவருக்குத்தான் ஒழுங்காகக் கொடுக்கும்.

"உனக்கு மேஜை எதுக்குடா? உக்காந்து குதிரைப் பந்தயச் சீட்டு எழுதவா?"

"ஒருத்தி முன்னால ஒருத்தி பின்னால குளிச்சா என்ன, தேய்ஞ்சா போயிடுவாங்க?"

"இமோஜென் உள்ள போனா நாப்பது நிமிஷம். டில்டா வெளிய நின்னு கதவ உதைப்பா. நீ போய்ச் சமாதானம் பண்ணு, பாக்கலாம்."

பரண் வேலையை டேமன் தானே செய்துகொண்டிருந்தான். கம்பளக் கிடங்கில் வாரம் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு, சனி ஞாயிறுகளில் உளியும் சுத்தியலுமாக மேலே ஏறிவிடுவான். கையில் திறமை இருந்தது. பொறுமைதான் இல்லை.

அடுத்த வீடு பத்தொன்பதாம் எண். அங்கே டெரன்ஸ் ஹோல்ராய்ட் என்பவர் தனியாக இருந்தார். ஐம்பது வயது, பெரிய சரீரம். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வந்து படுத்தாரானால் பிற்பகல் இரண்டு வரை தூக்கம். டேமன் மேலே இடிக்கத் தொடங்கினால் அவர் சுவரில் முஷ்டியால் குத்துவார். இவன் இன்னும் பலமாக இடிப்பான். போன ஞாயிற்றுக்கிழமை அவர் பைஜாமாவோடு வாசலுக்கே வந்துவிட்டார். முகம் வீங்கியிருந்தது.

"ரெண்டு வாரமா தலைவலி. மண்டைய யாரோ பிடிச்சுத் திருகுற மாதிரி இருக்கு. எல்லாம் உன் சத்தத்தால. மனுஷன் தூங்க வேணாமா?"

"பகல்ல செய்யாம நடுராத்திரியிலயா செய்யச் சொல்றீங்க? ரெண்டு மாத்திரை போட்டுட்டுக் கவுந்து படுங்க, டெரன்ஸ்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். குடித்திருக்கிறார் என்று டேமன் சொன்னான்.

அந்த வாரம் குளிர் இறங்கியது. வியாழக்கிழமை காலை தெருவெல்லாம் உறைபனி. பெண்கள் பள்ளிக்குப் போனபிறகும் ரொவீனா பாய்லரை அணைக்கவில்லை. பாய்லர் பார்த்து விலை சொல்ல ஆள் வருகிறது என்று இருவரும் விடுப்பு எடுத்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் வந்துபோயிருந்தார்கள். முதல் ஆள் கோட்டைக்கூடக் கழற்றாமல் காம்பி என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டாமவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ப் போனில் ஒரு தொகை அனுப்பினான். மூன்றாவதாக வந்தவள் டோனா ஆம்ப்ளர்.

பத்தரை மணிக்கு வந்தாள். குட்டையான உருவம், நரைத்த கிராப்பு, மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. சட்டைப்பையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, "அப்புறம் கண்ணு. மொதல்ல தண்ணிய பாக்கறேன்" என்று சமையலறைக் குழாயடியில் அளவுக் குவளையைப் பிடித்தாள்.

"நிமிஷத்துக்கு ஒம்போது லிட்டர்தான் வருது. தெருக்குழாயிலேர்ந்து உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே பைப்பா?"

"ஆமாம். எல்லா வீடும் அப்படித்தான்" என்றாள் ரொவீனா.

"அப்ப பக்கத்து வீட்டுல குழாய திறந்தா உங்களுக்கு ஆறுதான் நிக்கும். எத்தன பேரு குளிக்கிறீங்க? ஒரே நேரத்துல எத்தன பேரு?"

ரொவீனா டேமனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெற்றி இருந்தது. டேமன் கூரையைப் பார்த்தான்.

"அவசரப்படாதீங்க, சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்" என்று டோனா சிரித்தாள். "மொதல்ல கிழவனைப் பாக்கறேன்."

கூடத்துக்கு வந்து கணப்பின் முன்தட்டைக் கழற்றி, மண்டியிட்டு உள்ளே டார்ச் அடித்தாள். சிரிப்பு நின்றது. சுடர் நீலமாக இல்லை. மஞ்சளாக, சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. தகட்டில் விரல் வைத்து எடுத்தாள். கரி.

"உங்களுக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம் எதாவது?"

"இல்லையே. விஷவாயு அலாரமும் வச்சிருக்கோம். அதோ அலமாரி மேல. ஒரு தடவகூடக் கத்தினதில்ல."

டோனா பாய்லரை அணைத்தாள். வெளியே போய் மீட்டருக்குப் பக்கத்தில் கேஸை மூடிவிட்டு வந்தாள். பையிலிருந்து சோதனைப் புகை வில்லை ஒன்றை எடுத்துக் கொளுத்திக் கணப்புக்குள் வைத்தாள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்து புகைபோக்கிக்குள் இழுபட்டுப் போனது. கூடத்துக்குள் ஒரு இழைகூட வரவில்லை.

"பாத்தீங்களா, நல்லாத்தான இழுக்குது" என்றான் டேமன்.

"வெளிய வாங்க."

மூவரும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரே புகைபோக்கி மேடை. அதில் வீட்டுக்கு ஒன்றாக மண்குழல்கள். பத்தொன்பதின் குழலை டெரன்ஸ் பறவை கூடு கட்டுகிறதென்று எப்போதோ மூடிபோட்டு அடைத்திருந்தார்; அவருடைய பாய்லர் புகை பின்சுவர் வழியாகப் போகும். பதினேழின் குழல் திறந்து கிடந்தது.

அதிலிருந்து புகை வரவில்லை.

ஒரு நிமிடம் நின்றார்கள். இரண்டு நிமிடம். சாம்பல் நிற வானத்தில் ஒரு கடற்காகம் மட்டும் பறந்தது.

"புகை உள்ள போகுது. மேல வரல" என்றாள் டோனா மெதுவாக. "அப்ப எங்க போகுது?"

அவள் விரலை நீட்டிப் புகைபோக்கி மேடையைக் காட்டினாள்.

"உள்ள ரெண்டு வீட்டுப் போக்கியும் ஒண்ணையொண்ணு ஒட்டித்தான் ஏறுது. நடுவுல ஒத்தச் செங்கல்தான். மேல யாராச்சும் கை வச்சீங்களா தம்பி? பரண்ல? புகைபோக்கிய இடிச்சீங்களா?"

டேமன் வாயைத் திறந்தான். மூடினான். ரொவீனா அவன் பக்கம் திரும்பினாள். பதினாறு வருடமாகப் பார்த்த முகம் அது. காரை இடித்துவிட்டு வந்த நாளிலும், வேலை போன நாளிலும் இப்படித்தான் காதோரம் சிவந்திருந்தது.

"டேமன்."

"சோப்பு வைக்க ஒரு மாடம் குடையலாம்னு… லேசாத்தான்."

"லேசான்னா?"

"கல்லு ஒண்ணு உள்ள விழுந்துச்சு. ரெண்டு மூணு விழுந்துச்சு. உருண்டு போற சத்தம் கேட்டுச்சு. நான் ஓட்டைய நுரை அடிச்சு மூடிட்டேன். மேல பலகை வச்சுட்டேன்."

"எப்ப?"

"மூணு வாரம் இருக்கும்."

டோனா அவனைத் திட்டவில்லை. பத்தொன்பதாம் எண்ணின் மாடி ஜன்னலைப் பார்த்தாள். திரை இழுத்து மூடியிருந்தது. "அங்க யாரு இருக்கா?"

"டெரன்ஸ். ராத்திரி வேலை. வெளிய போயிருப்பாரு" என்றான் டேமன்.

"அவரு காரு இதோ நிக்குது" என்றாள் ரொவீனா. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. கார்க்கண்ணாடியில் பனி மறுபடியும் படியத் தொடங்கியிருந்தது. "இந்நேரம் தூங்குவாரு. ரெண்டு வாரமா தலைவலின்னு சொன்னாரே, டேமன். சத்தத்தாலன்னு சொன்னாரே."

டோனா அதற்குள் ஓடிக்கொண்டிருந்தாள். அந்த வயதுக்கும் அந்தக் கால்களுக்கும் அவ்வளவு வேகம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கதவை இரண்டு கையாலும் தட்டினாள். "டெரன்ஸ்! டெரன்ஸ்!" ரொவீனா ஜன்னலைத் தட்டினாள். உள்ளே சத்தமில்லை. டோனா சட்டைப்பையிலிருந்த கருவியை எடுத்து, கதவில் தபால் போடும் திறப்பைத் தள்ளி, கையை முழங்கை வரை உள்ளே விட்டாள்.

கருவி கூவத் தொடங்கியது.

வெளியே எடுத்து எண்ணைப் பார்த்தாள். "கீழயே எம்பது. பூஜ்யம் இருக்கணும். அப்ப மேல எத்தனையோ. கண்ணு, போன போடு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு ரெண்டும் வேணும். கார்பன் மோனாக்சைடு, ஆள் உள்ள இருக்காருன்னு சொல்லு."

ரொவீனா முதல் முறை தவறான எண்ணை அழுத்தினாள். இரண்டாம் முறை கிடைத்தது. மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். யாரும் உள்ளே போகவேண்டாம், வண்டி கிளம்பிவிட்டது, ஒன்பது நிமிடம் ஆகும் என்றாள்.

"ஒம்பது நிமிஷமாம். யாரும் உள்ள போகக்கூடாதாம்."

டேமன் ஏற்கெனவே தன் வீட்டுக்குள் போய்ச் சுத்தியலோடு திரும்பியிருந்தான். முகத்தில் இரத்தமே இல்லை. ரொவீனா அவன் சட்டையைப் பிடித்தாள். "கேட்டியா? போகக் கூடாதுன்னு சொல்றாங்க. உனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"ஒம்பது நிமிஷம், ரோ."

"டேமன்!"

"நான்தான பண்ணினேன்."

அவள் பிடியை விடவில்லை. அவன்தான் பிடுங்கிக்கொண்டான். டோனா அவன் குறுக்கே வந்து நின்று, மேலங்கியைப் பற்றி, முகத்துக்கு நேரே பேசினாள். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. "கேளு. கதவ உடை. கீழ ஜன்னல நான் தொறக்கறேன். நீ வெளிய நல்லா மூச்ச இழுத்துட்டு மேல போ, படுக்கையற ஜன்னல உடைச்சுட்டு உடனே எறங்கி வந்துரு. ஆளத் தூக்காத. மொதல்ல காத்து. மறுபடி வெளிய வந்து மூச்சு வாங்கிட்டுத்தான் ரெண்டாவது தடவ. கால் துவண்டா எறங்கிரு. நீயும் விழுந்தா ரெண்டு பேரத் தூக்க என்னால ஆகாது. புரியுதா?"

பூட்டுக்குப் பக்கத்தில் சுத்தியலால் மூன்று அடி விழுந்தது. கதவு பிளந்து திறந்தது. டேமன் படிகளில் தாவி ஏறுவது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ரொவீனா தெருவில் நின்று மாடி ஜன்னலையே பார்த்தாள். திரை அசையவில்லை. போனில் அந்தப் பெண், "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்தொன்று. இருபத்திரண்டு. மனுஷன் எவ்வளவு நேரம் மூச்சடக்க முடியும்?

முப்பத்தி நாலில் கண்ணாடி சிதறித் தெருவில் விழுந்தது. சுத்தியலும் கூடவே வந்து விழுந்தது.

டேமன் இறங்கி வந்து வாசலில் குனிந்து இருமினான். "தரைல கெடக்காரு. கதவு வரைக்கும் வந்திருக்காரு பாவம். மூச்சு இருக்குதா தெரியல."

"இன்னும் ஒரு நிமிஷம் காத்து போகட்டும்" என்றாள் டோனா.

அவன் நிற்கவில்லை. அவள் வைதுகொண்டே பின்னால் ஏறினாள். ஒருவர் தோளடியிலும் ஒருவர் காலிலுமாகப் பிடித்து, நூறு கிலோ உடம்பை ஒவ்வொரு படியாக இழுத்து இறக்கினார்கள். பாதிப்படியில் ரொவீனாவும் போனைக் கீழே போட்டுவிட்டு வந்து பிடித்தாள். உறைபனிமேல் டெரன்ஸைக் கிடத்தியபோது அவர் முகம் வெயிலில் நின்றவர்போலச் சிவந்திருந்தது. டோனா காதைக் கொண்டுபோய் அவர் வாய்க்கருகே வைத்தாள்.

"இருக்கு" என்றாள். "மெல்லிசா இருக்கு."

ஆம்புலன்ஸ் வந்து பிராணவாயு மூடியை மாட்டி அவரைத் தூக்கிக்கொண்டு போனது. டேமனுக்கும் அதே வண்டியில் ஒரு மூடி மாட்டினார்கள். தீயணைப்புக்காரர்கள் இரண்டு வீட்டையும் திறந்துவிட்டு அளந்தார்கள். படுக்கையறையில் ஜன்னல் உடைந்து கால்மணி ஆனபிறகும் கருவி கத்திக்கொண்டிருந்தது. டேமன் இடித்தபோது விழுந்த கற்களில் சில நடுச்சுவரை உடைத்திருந்தன; மற்றவை அதற்கு மேலே பதினேழின் போக்கியில் சிக்கி அடைத்திருந்தன. அந்த நடுச்சுவர் ஓட்டை வழியாகப் புகை பக்கத்துப் போக்கிக்குள் போய், மூடிபோட்ட குழலில் வெளியேற வழியில்லாமல், கீழே இறங்கி, டெரன்ஸின் கட்டிலுக்கு எதிரே இருந்த பழைய கணப்பு வழியாக அறையில் நிறைந்திருந்தது. அவருடைய அலாரம் கீழே சமையலறையில், கதவு சாத்திய அறைக்குள் இருந்தது.

மாலையில் டேமனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டெரன்ஸ் கண் விழித்துவிட்டார், பிழைத்துக்கொள்வார் என்ற செய்தியோடு வந்தான். ரொவீனா சமையலறையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு பனிக்கட்டியாக இருந்தது.

"திட்டுறதுன்னா திட்டிரு" என்றான்.

"கல்லு விழுந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. யாருக்கும் விழும்." அவள் அவனைப் பார்க்காமல் பேசினாள். "அந்தம்மா கேட்டப்ப யோசிச்சியே. சொல்லலாமா வேணாமான்னு. நான் பாத்தேன். அங்க ஒருத்தன் செத்துட்டிருந்தான், நீ யோசிச்ச."

"அப்ப தெரியாது, ரோ."

"தெரியாதுதான். இருந்தாலும் யோசிச்ச."

மாடியில் பெண்கள் இரண்டும் ஒரே கட்டிலில், நான்கு போர்வைக்குள் படுத்திருந்தன.

சனிக்கிழமை அவன் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனான். திராட்சை வாங்கிக்கொண்டு போனான். டெரன்ஸ் தலையணையில் சாய்ந்திருந்தார். நடந்ததை யாரோ ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆனால் கல் விழுந்த சத்தம் கேட்டதையும், மூடி மறைத்ததையும் டேமன் தன் வாயால் சொன்னான். டெரன்ஸ் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க கதவத் தட்டினது எனக்குக் கேட்டுச்சு" என்றார் கடைசியில். "எந்திரிக்கப் பாத்தேன். கால் வரல. என்ன நெனச்சேன் தெரியுமா? இந்தப் பய மறுபடி இடிக்க ஆரம்பிச்சுட்டான்னு நெனச்சேன். உன்னத் திட்டிக்கிட்டேதான் மயங்கினேன்."

டேமனுக்கு அழுகை வந்துவிட்டது.

"திராட்சைய வச்சுட்டுப் போ" என்றார் டெரன்ஸ். "உன்னப் பாக்க இப்ப எனக்குத் தெம்பு இல்ல."

விசாரணைக்கு ஆள் வந்தது. இரண்டு வீட்டுப் போக்கியையும் ஒழுங்காகக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு டேமன் தலையில் விழுந்தது. அவன் மறுக்கவில்லை. அது முடியாமல் புது பாய்லர் கிடையாது என்று டோனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மூன்று வாரம் வெந்நீர் இல்லை. கெட்டிலில் காய்ச்சி முகம் கழுவினார்கள். பெண்கள் நீச்சல்குளத்துக்குப் போய்க் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பள்ளிக்கு ஓடினார்கள்.

இதற்கு நடுவே பாய்லரையும் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. டோனா காகிதங்களோடு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள்.

"தொட்டியே வச்சுரலாம்" என்றான் டேமன் உடனே. "ரொவீனா சொல்றதுதான்."

ரொவீனா கரண்டியை டம்மென்று வைத்தாள். "தப்பு பண்ணிட்டோம்னு பயந்து தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சண்டையாவது போடேன். எனக்கு இது பிடிக்கல."

டோனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாருங்க, இது மன்னிப்புக் கேக்கற சாமான் இல்ல. பதினஞ்சு இருபது வருஷம் வீட்டுல நிக்கப்போற சாமான். தம்பி, உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க."

டேமன் சற்று யோசித்தான். "ஒம்பது லிட்டர்ல காம்பி வச்சா ஒரு ஷவருக்கே இழுத்துக்க பறிச்சுக்கன்னுதான் இருக்கும். அத நான் அன்னிக்கே ஒத்துக்கிட்டிருக்கணும். தொட்டிதான் சரி. ஆனா பரண்ல வைங்க. அந்த அலமாரி எனக்கு வேணும்."

"மேஜைக்கா?" என்றாள் ரொவீனா.

"மேஜைக்குத்தான்."

"பரண்ல தளம் தாங்குமான்னு பாக்கணும்" என்றாள் டோனா. பார்த்தாள், தாங்காது என்றாள். தொட்டி பழைய அலமாரியிலேயே நின்றது. மேஜை மாடிப்படிக்குக் கீழே போனது. உட்கார்ந்தால் தலை இடிக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் டேமன் பிடிவாதமாக இருந்தான். புது பாய்லரின் புகைக்குழாய் பின்சுவர் வழியாக வெளியே போகவேண்டும். டெரன்ஸின் எந்த ஜன்னலுக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது. சட்டத்துக்கு வேண்டிய தூரத்தை டோனா சொன்னாள். அவன் அதைப்போல மூன்று மடங்கு தூரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டான். நாடாவை வைத்து நான்கு தடவை அளந்தான். டோனா தடுக்கவில்லை.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி புது பாய்லர் எரியத் தொடங்கியது. அதற்குள் பரண் குளியலறையும் முடிந்திருந்தது. அன்று மாலை இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் விழுந்தது. ரொவீனா படிக்கட்டில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். டேமனிடம் அவள் பேச்சு இன்னும் அளந்துதான் இருந்தது. அன்று அவனுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டாள்.

தன் அக்கா வீட்டில் தங்கியிருந்த டெரன்ஸ் அதற்கு அடுத்த வாரம் திரும்பினார். இளைத்திருந்தார். நடக்கும்போது கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார். சில நாள் கழித்து, டேமன் குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் தன் வாசலில் நின்றார்.

"என்ன பாய்லர் போட்ட?"

"தொட்டி வச்சது. தனித் தொட்டி."

"சூடு நல்லா வருதா?"

"வருது."

டெரன்ஸ் தலையாட்டினார். "என்னோடதும் இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. எரியறப்ப ஒரு முனகல் சத்தம். முன்னெல்லாம் கண்டுக்க மாட்டேன். இப்ப ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய்ப் பாக்கறேன். அந்தப் பொம்பளையோட நம்பரக் குடு."

"தரேன். பழசக் கழட்ட ஆள் வேணும்னா நானே வந்து…"

"நீ வராத" என்றார் டெரன்ஸ். "நம்பர மட்டும் குடு."

டேமன் உள்ளே ஓடிப்போய் போனை எடுத்துவந்து எண்ணைச் சொன்னான். டெரன்ஸ் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தன் போனில் அழுத்தினார். கடைசி மூன்று எண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு அங்கேயே நின்று டோனாவைக் கூப்பிட்டார்.